மேசையில் ஊன்றிய கை

கெங் யாச்சின் யாரையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிற ஆள் இல்லை. ஹெனான் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் எட்டு வருஷம் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். ஒரே அறையில் அறுபத்திரண்டு பிள்ளைகள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் யார் யாருடைய நோட்டைப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். பென்சில் தொலைந்தால் எடுத்தவளே முதலில் தேட ஆரம்பிப்பாள் என்பதும், வயிற்றுவலி திங்கட்கிழமைதான் அதிகம் வரும் என்பதும் அவளுக்கு அத்துப்படி. பிள்ளைகள்மேல் பிரியம் இல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. நம்பிக்கைதான் கிடையாது.

அந்தக் கண்ணோடுதான் கல்வியியலில் முதுகலை படிக்க இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு வயது முப்பது. அரசாங்கப் பள்ளியில் நிரந்தர வேலை. அதை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அப்படி விட்ட இடம் திரும்பக் கிடைக்காது. அவள் அம்மா இரண்டு மாதம் பேசவில்லை. உறவுக்காரர்களிடம் மட்டும், பள்ளிக்கூடமே அவளை அனுப்பிவைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டம் இல்லாமல் திரும்பினால் அம்மாவின் பொய்யும் சேர்ந்து சந்திக்கு வரும்.

கோபம் தணிந்த பிறகு அம்மா வாரம் ஒருமுறை வீடியோவில் வந்தாள். ஏழு வயதில் கேட்ட அதே கேள்விதான்.

"டீச்சர் சொல்றத கவனிக்கறியா? கை தூக்கறியா?"

"தூக்கறேன்மா."

அது பொய் இல்லை. அதில்தான் வினையே இருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணி வகுப்பு. பன்னிரண்டு பேர், அதில் எட்டுப் பேர் சீனர்கள். பாடம் நடத்திய ஹாரியட் பெல்லமி முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டாள். வகுப்பில் வாய் திறந்து பேசினால் அன்றைக்கு இரண்டு மதிப்பெண். பத்து வகுப்பு, இருபது மதிப்பெண். எட்டுக்குக் கீழே போனால், கட்டுரை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி இல்லாவிட்டால் பட்டமும் இல்லை. பேசியவர்கள் பெயருக்கு நேரே கோடு போட அவளிடம் ஒரு சிவப்பு அட்டை நோட்டு இருந்தது. அன்றைக்குப் பெயர் வாசிக்கும்போது "யாக்கின்" என்று மூன்று முறை கூப்பிட்டாள். வராத மாணவி யாரோ என்று யாச்சினும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாம் வாரத்திலிருந்து யாச்சின் கை தூக்கினாள். முறைப்படி தூக்கினாள். இடது கையை மேசைமேல் படுக்கவைத்து, வலது முழங்கையை அதன்மேல் ஊன்றி, விரல்களைச் சேர்த்து நேராக நிறுத்தி, முதுகு வளையாமல் காத்திருந்தாள். அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கு இப்படித்தான் அவள் பழக்கியிருந்தாள். கையை ஆகாசத்துக்கு நீட்டினால் பின்னால் இருப்பவளுக்குப் பலகை தெரியாது. பக்கத்தில் இருப்பவன் கண்ணில் விரல் படும். அப்படி நீட்டுகிற பிள்ளையை அவள் கூப்பிடவே மாட்டாள். கூப்பிடாமலே பேசுகிற பிள்ளைக்குச் சுவரோரம்தான்.

இங்கே எல்லாரும் கூப்பிடாமலே பேசினார்கள். லோர்னா என்றொரு உள்ளூர்ப் பெண் நாற்காலியில் சாய்ந்தபடி, ஹாரியட் மூச்சு வாங்கும் நேரம் பார்த்துப் பேச்சுக்குள் நுழைந்துவிடுவாள். வரிசையில் முந்தி வந்து டிக்கெட் வாங்குகிறவர்களைப் பார்க்கும் எரிச்சல் யாச்சினுக்கு வரும். ஹாரியட்டோ அவள் பேச்சுக்குத் தலையாட்டி, கோடும் போடுவாள். யாச்சின் பக்கம் பார்ப்பாள். புன்னகைப்பாள். அடுத்த ஆளுக்குப் போய்விடுவாள்.

முதல் தடவை தற்செயல் என்று விட்டாள். இரண்டாம் தடவை மூக்கில் வியர்த்தது. அன்றைக்கே யாச்சினும் ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, மணி, என்ன நடந்தது என்று சீனத்தில் ஒவ்வொரு வரி எழுதினாள். 'கை தூக்கினேன். பார்த்தார். சிரித்தார். கூப்பிடவில்லை.' அந்தச் சிரிப்புதான் அவளை அதிகம் உறுத்தியது. பார்க்காமல் விட்டால் கவனக்குறைவு என்று போகலாம். பார்த்துச் சிரித்துவிட்டு விடுகிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தன் உச்சரிப்பு பிடிக்கவில்லையோ, வயது பிடிக்கவில்லையோ, எட்டுச் சீனர்களில் ஒருத்தியை மட்டும் பலி கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறாளோ என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தாள்.

சந்தேகப்பட இன்னொரு ஆளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். தௌ ஜியாயீ, வயது இருபத்துமூன்று, சிச்சுவான்காரி. அதே வகுப்பு, அதே விடுதி, பக்கத்து அறை, பொதுச் சமையலறை. யாச்சினை "அக்கா" என்பாள். வம்புக்கு இழுக்கும்போது "டீச்சர்" என்பாள். ஃப்ரிட்ஜில் யாச்சின் தன் பால் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்ததைப் பார்த்து, "எனக்குப் பால் ஒத்துக்காது டீச்சர், வேற திருடியைப் பாருங்க" என்று ஒருநாள் சொன்னவள். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, தப்பும் தவறுமாக எதையாவது சொல்லி வாராவாரம் இரண்டு மதிப்பெண்ணைத் தட்டிக்கொண்டு போவாள். யாச்சின் உட்கார்ந்தது கடைசி வரிசையில், ஜன்னல் மூலையில்.

ஐந்தாம் வாரம் எல்லாரும் கட்டுரை கொடுத்தார்கள். ஆறாம் வாரம் செவ்வாய்க்கிழமை ஜியாயீ, "உங்க கட்டுரைய கொஞ்சம் காட்டுங்களேன், எப்படி எழுதணும்னு தெரிஞ்சுக்கறேன்" என்று கேட்டாள். யாச்சின் காட்டவில்லை. வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஜியாயீ ஹாரியட்டின் மேசையருகே நின்று ஏதோ பேசினாள். இருவரும் சிரித்தார்கள். நடுவில் ஜியாயீயின் தலை ஜன்னல் மூலைப் பக்கம் ஒருமுறை திரும்பியது. வெள்ளிக்கிழமை காலையில் மின்னஞ்சல் வந்தது.

'உங்கள் கட்டுரையில் தெரிகிற நபரும் வகுப்பில் நான் காண்கிற நபரும் ஒருவராகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வந்து என்னைப் பாருங்கள்.'

கட்டுரையை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் இப்படிப் பூசி மெழுகிச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ள யாச்சினுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. செவ்வாய், வியாழன், வெள்ளி என்று மூன்று நாளையும் விரல் மடக்கிப் பார்த்தாள். இந்த ஜியாயீப் பிள்ளை வசமாக மாட்டிக்கொண்டது என்று தோன்றியது.

சாயங்காலம் சமையலறையில் ஜியாயீ தக்காளி முட்டை நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். யாச்சின் கதவைச் சாத்தினாள்.

"ஹாரியட்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்ன?"

"உங்களைப் பத்தியா? நல்லதுதான் சொன்னேன்."

"நல்லதா கெட்டதான்னு கேக்கல. என்ன சொன்னேன்னு கேட்டேன்."

"அக்கா, இது உங்க மூணாங்கிளாஸ் இல்ல. நிக்க வெச்சு விசாரிக்கறீங்க."

"அப்ப உக்காந்தே சொல்லு."

ஜியாயீ அடுப்பை அணைத்தாள். "ஊர்ல எட்டு வருஷம் டீச்சரா இருந்தவங்க, அவங்களைக் கேளுங்கன்னு சொன்னேன். போதுமா?"

"இத சொல்றதுக்கா அவ்வளவு சிரிப்பு?"

"அவங்க பூனை சோபாவைக் கிழிச்சிடுச்சாம், அந்தக் கதைய சொன்னாங்க. சிரிக்காம அழவா முடியும்?"

யாச்சினுக்கு உறுதியாகிவிட்டது. அவள் அனுபவத்தில், பொய் சொல்கிற பிள்ளையின் கதையில் ஒரு பூனையோ நாயோ வராமல் இருந்ததே இல்லை.

"கட்டுரைய காட்டலங்கற கோபம். நேரா போய்ப் போட்டுக் கொடுத்துட்ட. இன்னைக்குக் காலைல மெயில் வந்துடுச்சு."

"நீங்க வகுப்புல வாயத் திறந்தா எதுக்கு மெயில் வருது?"

"கூப்பிட்டாத்தானே திறக்க முடியும். வாராவாரம் கை தூக்கறேன்."

"நீங்களா? நான் பாத்ததே இல்லையே."

"முன்னாடி உக்காந்து அவங்க வாயையே பாத்துட்டிருந்தா பின்னாடி நடக்கறது எப்படித் தெரியும்."

ஜியாயீ சட்டியோடு தன் அறைக்குப் போய்விட்டாள். யாச்சின் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எட்டுச் சீன மாணவர்களும் இருந்த கைபேசிக் குழுவில், பெயர் சொல்லாமல் நான்கு வரி போட்டாள். 'சிலர் வகுப்பு முடிந்ததும் டீச்சர் பின்னாலேயே ஓடுகிறார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். அவரவர் கட்டுரையை அவரவர் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.'

அந்த 'இதற்கு மேல் சொல்லவில்லை' என்பது இருக்கிறதே, அதுதான் கொடுமை. டீச்சரிடம் கோள் சொல்கிறவள் என்ற பெயர் சின்ன வயதில் வந்தாலே கடைசிவரை ஒட்டிக்கொள்ளும்; யாச்சினுக்கு அது மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் ஜியாயீ அறையில் நண்பர்களுக்கு விருந்து; கொதிக்கிற குழம்புச் சட்டியில் அவரவர் காய் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது. ஆறு பேர் வருவதாக இருந்தது. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு வேலை. மற்றவர்கள் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. வெட்டி வைத்த தாமரைக் கிழங்கையும் டோஃபுவையும் டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில் ஜியாயீ அடுக்குவதை யாச்சின் தண்ணீர் பிடிக்க வந்தபோது பார்த்தாள். பார்த்துவிட்டு, நடிப்பாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஹாரியட்டின் அறைக்குப் போகும்போது தன் நோட்டையும் பையில் எடுத்துக்கொண்டாள். கட்டுரையை வைத்து ஹாரியட் கேஸ் போட்டால், பாரபட்சம் காட்டினாள் என்று இவள் பதிலுக்குக் கேஸ் போடுவாள். தேதியும் மணியும் கையில் இருக்கின்றன.

"உக்காருங்க, யாக்கின்" என்றாள் ஹாரியட். "கட்டுரை ரொம்ப நல்லா இருக்கு. பிரச்சினையே அதுதான். நாலாம் பக்கத்துல, பெரிய வகுப்புல அமைதிங்கறது பயம் இல்ல, இடம் விடறதுன்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா என்ன?"

யாச்சினுக்குப் பதில் தொண்டைவரை வந்துவிட்டது. அவளை அறியாமலே இடது கை மேசைமேல் படுத்தது. வலது முழங்கை அதன்மேல் ஏறியது. விரல்கள் சேர்ந்து நிமிர்ந்தன. காத்திருந்தாள். ஹாரியட்டும் காத்திருந்தாள். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னலில் மழை அடித்தது. ஒரு நிமிஷம் முழுசாகப் போயிற்று.

"களைப்பா இருக்கா? தண்ணி வேணுமா?" என்றாள் ஹாரியட். பிறகு பெருமூச்சு விட்டுச் சிவப்பு நோட்டில் எதையோ எழுதினாள்.

தலைகீழாக இருக்கிற எழுத்தைப் படிப்பது எட்டு வருஷம் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நோட்டுத் திருத்தியவளுக்கு ஒரு விஷயமே இல்லை. 'இங்கேயும் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.'

யாச்சின் தன் கையைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். எதற்காகக் கொண்டுவந்தாளோ அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. மெதுவாக ஆங்கிலத்தில் படித்துக் காட்டினாள்.

"மூணாவது வாரம். பதினொன்னே கால். கை தூக்கினேன். பாத்தீங்க. சிரிச்சீங்க. கூப்பிடல."

ஹாரியட் தன் நோட்டைப் பின்னோக்கித் திருப்பினாள். குரல் இறங்கிவிட்டது. "மூணாவது வாரம். கைமேல சாஞ்சுட்டு இருக்காங்க. சலிப்பு. உற்சாகப்படுத்தலாம்னு சிரிச்சேன். பதில் இல்ல."

"நாலாவது வாரம். ரெண்டு தடவை தூக்கினேன். ரெண்டு தடவையும் சிரிச்சீங்க."

"நாலாவது வாரம். மறுபடியும் அதே மாதிரி. ரெண்டு தடவை முயற்சி பண்ணினேன்."

ஐந்தாவது வாரத்தை இருவருமே படிக்கவில்லை.

"அப்ப இது..." ஹாரியட் அந்தக் கையைக் காட்டினாள்.

"கை தூக்கியிருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கியிருக்கலாமே."

"பின்னாடி உள்ள பிள்ளைக்கு மறைக்கும்."

"உங்க பின்னாடி சுவருதானே இருக்கு."

ஹாரியட்டுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுபோயிற்று. "ரொம்ப வருஷமா உங்க ஊர்ப் பிள்ளைங்க எத்தனையோ பேர் எங்கிட்ட படிச்சிருக்காங்க. ஒருத்தரும் இப்படித் தூக்கினதில்ல."

"அவங்க யாரும் கையே தூக்கறதில்ல. நான் சின்னப் பிள்ளைங்க வகுப்புலேருந்து நேரா வந்துட்டேன்."

பிறகு யாச்சின் எழுந்து நின்று நாலாம் பக்கத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் இல்லாத சாக்பீஸை விரல்கள் பிடித்தபடி இருந்தன. கட்டுரையைப் பற்றிய கேள்வி அதோடு தீர்ந்தது. மதிப்பெண் கேள்வி தீரவில்லை. பேசாத பேச்சுக்குக் கோடு போடச் சட்டத்தில் இடமில்லை என்று ஹாரியட் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னாள். மிச்சம் நாலே வகுப்பு. நாலிலும் பேசினால் சரியாக எட்டு.

கதவருகே போனதும் யாச்சின் திரும்பினாள்.

"ஜியாயீ என்னைப் பத்தி உங்ககிட்ட என்ன சொன்னா?"

"எட்டு வருஷ டீச்சர், அவங்களுக்குத் தெரியாதது இல்ல, அவங்களைக் கேளுங்கன்னு சொன்னா. அதைக் கேட்டப்புறம்தான் எனக்குச் சந்தேகம் கூடிச்சு. இவ்வளவு தெரிஞ்சவங்க ஏன் வகுப்புல தூங்கி வழியறாங்கன்னு."

"பூனை?"

"எந்தப் பூனை? ஓ, என் சோபாவைக் கிழிச்ச பூனையா? அதுவும் சொன்னாளா?"

படி இறங்கும்போது, இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டிருப்பார்களோ என்று யாச்சின் மனசு ஒரு படி நேரம் யோசித்தது. அடுத்த படியில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அன்று மாலை கையால் மாவு இழுத்து, ஹெனான் நூடுல்ஸ் ஒரு கிண்ணம் செய்து ஜியாயீயின் கதவைத் தட்டினாள். கதவு பாதிதான் திறந்தது.

"சாப்பிடறியா?"

"எங்கிட்ட நிறைய இருக்கு அக்கா. ஆறு பேருக்கு வாங்கினது."

கதவு சாத்திக்கொண்டது. குழுவில் மன்னிப்பு எழுத உட்கார்ந்தாள். மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தாள். பெயர் சொல்லாமல் போட்ட பழியைப் பெயர் சொல்லாமல் திரும்ப வாங்க முடியாது என்பது நாலாம் தடவை எழுதும்போதுதான் உறைத்தது. ஆனாலும் அனுப்பக் கை வரவில்லை.

வியாழக்கிழமை ஏழாவது வகுப்பு. ஜியாயீ வழக்கம்போல முன்வரிசையில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. ஹாரியட்டின் கண் அன்றைக்கு எல்லார் முழங்கையிலும் இருந்தது. கன்னத்தில் கை வைத்துச் சாய்ந்திருந்த லோர்னாவைப் பார்த்து, "சொல்லுங்க லோர்னா" என்றாள். லோர்னா நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று விழித்தாள். "வகுப்புல ஒரு பிள்ளை பேசாம இருந்தா, அதைச் சுத்தி இருக்கறவங்க என்னவெல்லாம் நினைச்சுக்கறாங்க?" என்பதுதான் அன்றைய கேள்வி.

யாச்சின் கையை ஊன்றினாள்.

"யாச்சின்" என்றாள் ஹாரியட். இந்தத் தடவை பெயரைச் சரியாகச் சொன்னாள்.

யாச்சின் எழுந்து நின்றாள். இந்த வகுப்பில் அவள் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"பிள்ளை பேசலன்னா டீச்சர் அதுக்கு ஒண்ணும் தெரியலன்னு நினைப்பாங்க. பிள்ளை, டீச்சருக்கு என்னைப் பிடிக்கலன்னு நினைக்கும். அப்புறம் அது யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்கன்னு ஒரு ஆளைத் தேடும். நான் தேடினேன். கிடைச்சுது. எங்க குழுவுல, ஒருத்தி டீச்சர்கிட்ட கோள் சொல்றான்னு எழுதினேன். பேர் எழுதல. இப்ப சொல்றேன். தௌ ஜியாயீ. அவ எனக்காகத்தான் பேசியிருக்கா. நான் எழுதினது பொய்."

ஒவ்வொரு சொல்லும் மனசிலிருந்து வந்ததுதான். அதில் கள்ளம் இல்லை. மேசைக்கடியில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்த மற்ற ஆறு சீனர்களும் தலை நிமிர்ந்தார்கள். ஹாரியட் பேனாவை எடுத்தாள்.

பேனா எடுத்ததும் யாச்சினின் கண் அந்தச் சிவப்பு நோட்டுக்குப் போயிற்று. கோடு விழுந்ததா என்று பார்த்தது. எத்தனை வாரப் பழக்கம். சரியாக அந்த நேரத்தில்தான், ஆறு நாளாக அவள் முகத்தையே நேராகப் பார்க்காத ஜியாயீ நாற்காலியில் திரும்பினாள். யாச்சினின் கண் எங்கே இருந்தது என்பதைத்தான் அவள் முதலில் பார்த்தாள்.

"ரெண்டு மார்க் விழுந்துடுச்சா, டீச்சர்?" என்று சீனத்தில் கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

இல்லை, அதற்காகச் சொல்லவில்லை என்று யாச்சின் வாயெடுத்தாள். தான் ஜியாயீயின் இடத்தில் இருந்திருந்தால் அதை நம்பியிருப்போமா என்று பார்த்தாள். நம்பியிருக்கமாட்டாள். உட்கார்ந்தாள். ஜியாயீயைப் பார்த்தபடி இடது கையை மேசைமேல் படுக்கவைத்து, வலது முழங்கையை ஊன்றி, விரல்களைச் சேர்த்து நிறுத்தினாள்.

அது என்னவென்று ஜியாயீக்குத் தெரியாமல் இல்லை. ஆறு வயதிலிருந்து அப்படிக் கை தூக்கி வளர்ந்தவள்தான். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாச்சினைக் கூப்பிடாமல் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். வகுப்பு முடிகிறவரை யாச்சின் கையை இறக்கவில்லை.